பழைய பெயரா, பக்கத்து அலுவலகமா: சேலத்தில் கட்டுபவர் யாரிடம் வரைபடம் கேட்பது?

சேலத்திலும் ஏற்காட்டிலும் கட்ட நினைப்பவர்கள் தொடக்கத்திலேயே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சென்னையிலோ மும்பையிலோ பல தலைமுறைகளாகத் தொழில் நடத்தும் கட்டடக்கலை நிறுவனத்திடம் போவதா, ஊரிலேயே அலுவலகம் வைத்திருக்கும் ஆர்க்கிடெக்டிடம் கொடுப்பதா, அல்லது வழக்கம்போல் இன்ஜினியரிடம் பிளான் போட்டு வாங்கி மேஸ்திரியை வைத்துக் கட்டிவிடுவதா என்பதே அந்தத் தடுமாற்றம். கேட்பவர்களின் நிலையும் ஒன்றல்ல. செவ்வாய்பேட்டையில் பாட்டனார் விட்டுச் சென்ற ஓட்டு வீட்டைப் புதுப்பிக்க விரும்புகிறவர் ஒருவர். அழகாபுரத்தில் மனை வாங்கி முதல் வீட்டைக் கட்டப்போகிறவர் ஒருவர். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துச் சரிவில் விடுதி எழுப்பத் திட்டமிடுகிறவர் இன்னொருவர். மூவருக்கும் ஒரே விடையைச் சொல்வது பொறுப்பில்லாத செயல்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய நிறுவனத்திடம் நாம் விலை கொடுத்து வாங்குவது அதன் பெயரை அல்ல. அதன் கோப்பு அறையையும், ஒருவர் போனால் இன்னொருவர் அதே வேலையைத் தொடரும் ஏற்பாட்டையும்தான். அந்த இரண்டும் உங்கள் கட்டடத்துக்குத் தேவைப்படுமானால் அந்தச் செலவு தகும். தேவைப்படாதவர் அதற்காகப் பணம் கட்டுவது வீண்.

எதை வைத்து எடைபோடுவது

பெயர், விருது, இணையத்தில் காணும் பளபளப்பான படங்கள் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டால், பார்க்க வேண்டியவை ஐந்து. வரைபடத்தில் கையெழுத்திடுபவர் யார், அவரே வேலையையும் கவனிப்பாரா என்பது முதலாவது. பத்து, இருபது ஆண்டுகள் கழித்து ஒரு தூணையோ குழாயையோ தேட வேண்டிவந்தால் அந்த வரைபடம் எங்கே கிடைக்கும் என்பது இரண்டாவது. சைட்டுக்கு யார், எந்தெந்தக் கட்டத்தில் வருவார்கள் என்பது மூன்றாவது. இந்த ஊரின் மண்ணும் கல்லும் வேலையாட்களும் அவர்களுக்குத் தெரியுமா என்பது நான்காவது. பேசிய கட்டணத்துக்கு வெளியே எவ்வளவு போகும் என்பது ஐந்தாவது. பெரும்பாலானோர் இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள், கேட்கும்போது அஸ்திவாரம் முடிந்திருக்கும்.

முதல் அளவுகோலைப் பற்றிச் சட்டம் சொல்வதை அறிந்துகொள்வது நல்லது. 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின்படி கட்டடக்கலை மன்றத்தில் பதிவு பெறுபவர் தனி மனிதர்தானே தவிர, நிறுவனம் அல்ல. ஆகவே ஒரு நிறுவனத்தின் வயது எண்பதானாலும் எட்டானாலும், உங்கள் வரைபடத்துக்குப் பொறுப்பேற்பவர் அதில் கையெழுத்திடும் ஒருவரே. அவருடைய பதிவு எண்ணில் ‘சிஏ’ என்ற எழுத்துகளை அடுத்து ஓர் ஆண்டு வரும். அது அவர் பதிவு செய்த ஆண்டு. நூற்றாண்டுப் பெருமை அச்சிட்ட தாளின் அடியில் நான்கு ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்தவரின் கையெழுத்து இருக்கலாம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் கட்டணம் எந்த அனுபவத்துக்காகக் கேட்கப்படுகிறது என்று விசாரிக்க அது நியாயமான காரணம். இன்னொன்று: அந்தச் சட்டம் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தைப் பாதுகாக்கிறதே ஒழிய, கட்டடம் வடிவமைக்கும் தொழிலைப் பிறருக்குத் தடை செய்யவில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இன்ஜினியரிடம் பிளான் போடுவது சட்டத்துக்குப் புறம்பானது என்று யாராவது அச்சுறுத்தினால் நம்ப வேண்டாம்.

நீண்டகால நிறுவனம்

இந்த வகையில் இன்றும் தொழில் நடத்தும் நிறுவனங்கள் சில நாம் நினைப்பதைவிடப் பழையவை. அமெரிக்காவின் ஸ்மித்குரூப் 1853இல் தொடங்கியது. ஜப்பானின் நிக்கென் செக்கேய் தன் தோற்றத்தை 1900ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது. நம் நாட்டில், மும்பை சென்ட்ரல் ரயில் நிலையத்தை வடிவமைத்த கிளாட் பேட்லி தொழில் பங்காளியாக இருந்த கிரெக்சன், பேட்லி அண்ட் கிங் இன்னும் அந்தப் பெயரிலேயே நடக்கிறது. சென்னையில் எல்.எம். சித்தாலே தொடங்கிய நிறுவனம் மகன் வழியாகத் தொடர்ந்தது.

இவை நீடித்த விதம் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். சில குடும்பத்துக்குள் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகின்றன. வேறு சில, பங்காளிகள் ஓய்வு பெறப் புதிய பங்காளிகளைச் சேர்த்துக்கொண்டு போகின்றன. இன்னும் சில, ஊழியர்களையே உரிமையாளர்களாக்கிவிட்டன. முதல் வகையில் உங்கள் கட்டடத்தின் தலைவிதி அடுத்த வாரிசுக்கு இத்தொழிலில் நாட்டம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இரண்டாம் வகையில் உங்கள் வேலையைப் பார்க்கும் பங்காளி விலகிப் போனாலும் கோப்பு அங்கேயே இருக்கும். மூன்றாம் வகை பெரும்பாலும் பெரிய நிறுவனம். சேலத்து வீட்டு வேலையை அவர்கள் ஏற்கவே மாட்டார்கள். பெயர் மட்டும் நிலைத்துக் கை மாறிவிடுவதும் உண்டு. கி.பி. 578இல் தோன்றியதாகச் சொல்லப்படும் ஜப்பானியக் கட்டுமான நிறுவனமான கொங்கோ குமி 2006இல் வேறொரு கட்டுமானக் குழுமத்தின் கீழ் போய்விட்டது. பெயர் அப்படியே இருக்கிறது. ஆகையால் ‘உங்கள் நிறுவனம் எப்போது தொடங்கியது’ என்று கேட்பதைவிட, ‘இப்போது உரிமை யாரிடம், எந்த ஆண்டிலிருந்து’ என்று கேட்பது பயனுள்ளது.

தொடர்ச்சியின் மதிப்பைப் புரிந்துகொள்ள அண்ணா சாலையிலுள்ள எல்ஐசி கட்டடத்தைப் பார்க்கலாம். அதை வடிவமைக்கத் தொடங்கியவர்கள் லண்டனைச் சேர்ந்த பிரவுனும் மோலினும். அவர்கள் நடுவில் விலகிய பிறகு சித்தாலே வேலையை ஏற்று முடித்தார். 1959இல் கட்டடம் திறக்கப்பட்டது. அத்தகைய கைமாற்றம், விட்டுச் சென்றவரின் வரைபடங்களும் கணக்குகளும் முழுமையாக இருந்தால்தான் சாத்தியம். இதே நிலை சேலத்தில் ஒரு மருத்துவமனைக்கோ கல்யாண மண்டபத்துக்கோ ஏற்பட்டால், இரண்டாவதாக வருபவர் கையில் பெரும்பாலும் ஓர் அனுமதி வரைபடமும், கான்ட்ராக்டரின் ஞாபகமும் மட்டுமே இருக்கும்.

பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பதில்தான் இந்த நிறுவனங்களின் அனுபவம் வெளிப்படையாகத் தெரியும். செவ்வாய்பேட்டை, குகை போன்ற பழைய பகுதிகளில் மெட்ராஸ் டெரஸ் கூரையுள்ள வீடுகளைக் காணலாம். அண்ணாந்து பார்த்தால் தேக்கு உத்திரங்களும் அவற்றின் மேல் நெருக்கமாகப் பரப்பிய மரச்சட்டங்களும் தெரியும். அந்தச் சட்டங்களின் மேல் ஓர் அங்குலக் கனமே உள்ள சிறு செங்கற்களைச் சாய்கோணத்தில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் அடித்து இறுக்கிய ஒரு படலம், அதன் மேல் தட்டோடு. இந்தக் கூரை ஒழுகுகிறது என்று அதன்மேல் சிமென்ட் கான்கிரீட் போடுபவர்கள் உத்திரம் தாங்காத எடையை ஏற்றுகிறார்கள். சுவர் உதிர்கிறது என்று சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசுபவர்கள் உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி அடைத்துவிடுகிறார்கள். மூன்று மழைக்காலத்துக்குள் பூச்சு பெயர்ந்து, கூடவே பழைய செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். சுண்ணாம்பு வேலை செய்யத் தெரிந்த ஆட்களின் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் அலுவலகங்கள் மிகச் சில. அவற்றுள் பழைய நிறுவனங்கள் உண்டு. எல்லாப் பழைய நிறுவனங்களும் அல்ல. அவர்கள் புதுப்பித்த ஒரு கட்டடத்தை, முடித்து ஐந்து ஆண்டாவது ஆனதாகப் பார்த்து, நேரில் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவதே சரியான சோதனை.

இனி மறைமுகச் செலவு. சென்னையிலிருந்து சேலம் ஏறத்தாழ 340 கிலோமீட்டர். ஒருவர் வந்து சைட்டைப் பார்த்துத் திரும்பினால் ஒரு நாள் முழுவதும் போய்விடும். பயணம், தங்குமிடம், மாதிரி உருவங்கள், வரைபடத்தின் கூடுதல் பிரதிகள் ஆகியவை பொதுவாகக் கட்டணத்துக்கு வெளியே வரும். கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. கட்டமைப்புப் பொறியாளர், மின்சாரம், பிளம்பிங் ஆலோசகர்கள் கட்டணத்துக்குள் அடங்கியவர்களா என்று எழுத்தில் கேட்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு வேறு. நாற்பது, ஐம்பது தாள்கள் கொண்ட விரிவான வரைபடத் தொகுப்பு வந்து சேரும். வாய்மொழியாகவே வேலை செய்து பழகிய மேஸ்திரிக்கு அது புரியாது. ‘சார், இது அவங்க ஊர் முறைங்க, நம்ம ஆளுக்குக் கை வராது’ என்று அவர் சொல்லும் கட்டத்தில், வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த சைட் இன்ஜினியர் ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வைக்க வேண்டியிருக்கும். இந்தச் சம்பளம் எந்த எஸ்டிமேட்டிலும் இருப்பதில்லை.

ஆகவே அறக்கட்டளைகள், பள்ளிகள், மருத்துவமனைகள், பல பங்காளிகளுக்குச் சொந்தமான பழைய கட்டடங்கள் ஆகியவற்றுக்கு இந்த வழி பொருந்தும். 1894இல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட், 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போல ஏற்காட்டில் நூற்றாண்டைக் கடந்த பள்ளிகளை எண்ணிப் பாருங்கள். நிர்வாகிகள் மாறிக்கொண்டே இருக்க, வளாகம் மட்டும் நிற்கும் இடங்களில் வளாகத்தின் வரலாற்றைக் கோப்பாக வைத்திருக்கும் வெளி அலுவலகம் ஒன்று இருப்பது நிர்வாகத்துக்கே பாதுகாப்பு.

உள்ளூர் ஆர்க்கிடெக்ட்

சேலத்தில் இன்று ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களுக்குக் குறைவில்லை. பல அலுவலகங்கள் ஒருவரோ, கணவன் மனைவி இருவரோ, இரண்டு மூன்று உதவியாளர்களோடு நடத்துபவை. இவர்களின் பலம் அருகாமை. கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் மாலை போன் செய்தால் வந்து பார்க்க முடிகிறது. அந்த ஒரு வருகை, தூரத்து நிறுவனத்தின் மூன்று அறிக்கைகளைவிட மதிப்புள்ளது. எந்தக் குவாரியின் எம்சாண்டில் தூசு அதிகம், எந்தச் சூளைச் செங்கல் இந்த மாதம் சரியாக வேகவில்லை, ஏப்ரல் மே மாதங்களில் நாற்பது டிகிரியை எட்டும் வெயிலில் மேற்குச் சுவர் எப்படிக் காயும் என்பதெல்லாம் அவர்களுக்கு அன்றாட அறிவு.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அலுவலகம் என்பது ஒரு மனிதர். அவர் நோய்வாய்ப்பட்டால், வெளிநாடு போனால், தொழிலை விட்டு ரியல் எஸ்டேட்டுக்கு மாறினால், உங்கள் வரைபடங்கள் அவருடைய பழைய மடிக்கணினியோடு போய்விடும். வடிவமைப்பில் புதுமை செய்ய வேண்டும் என்ற துடிப்பு இளையவர்களிடம் இருப்பது நல்லதே. உங்கள் வீடு அதற்குச் சோதனைக்கூடமாகிவிடக் கூடாது. அவர் முடித்த வேலைகளுள் குறைந்தது இரண்டு மழைக்காலம் கடந்த ஒன்றைக் காட்டச் சொல்லி, அவரில்லாமல் போய் அந்த வீட்டுக்காரரிடம் பேசுங்கள். ‘வேலை முடிந்த பிறகு கூப்பிட்டால் வருகிறாரா’ என்ற ஒரு கேள்வி போதும்.

இங்கு மறைமுகச் செலவு பெரும்பாலும் மாற்றங்களால் வருவது. பக்கத்தில் இருக்கிறார் என்பதாலேயே வீட்டார் வாரம் ஒரு மாற்றம் சொல்கிறார்கள். அவரும் முகம் கோணாமல் செய்துகொடுக்கிறார். கட்டிய சுவரை இடித்த கூலி மட்டும் நம் கணக்கில் ஏறுகிறது. முதல் முறையாக வீடு கட்டும் நடுத்தரக் குடும்பத்துக்கு இருப்பவற்றுள் சிறந்த வழி இதுவே என்பது என் துணிபு.

இன்ஜினியரும் மேஸ்திரியும்

இந்த வழியை இகழ்ந்து பேசுவது இப்போது ஒரு நாகரிகம் ஆகிவிட்டது. சேலத்து வீடுகளில் பெரும்பகுதி இப்படித்தான் எழுந்தது, நின்றுகொண்டும் இருக்கிறது. சிறிய மனைக்கு அரசே வழியை எளிதாக்கியிருக்கிறது: 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் குடியிருப்புக்குச் சுயசான்று அடிப்படையில் ஒற்றைச் சாளர இணையதளத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. இதற்குள் அடங்கும் வீட்டுக்கு மூன்று தலைமுறை நிறுவனத்தைத் தேடிப் போவது தேவையற்றது.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். சுயசான்று என்றால் விதி மீறலுக்கு நீங்களே பொறுப்பு என்று பொருள். பக்க இடைவெளி குறைந்தால் பிளான் போட்டவர் வந்து நிற்க மாட்டார். அடுத்து, சதுர அடி ரேட்டுக்குப் பேசும்போது அதற்குள் என்னென்ன அடங்கும் என்பது வாய்ப்பேச்சாகவே இருந்துவிடுகிறது. சம்ப், செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர், மின் இணைப்பு ஆகியவை ரேட்டுக்கு வெளியே என்று கடைசியில்தான் தெரியவரும். மாடி எழுப்பும் எண்ணம் பின்னாளில் உண்டென்றால், தூண், பீம் கணக்கைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் தனியாகக் கொடுத்து வாங்கிவிடுங்கள். அந்தக் கட்டணம் மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு.

ஏற்காட்டில் கணக்கு மாறுகிறது

மேலே சொன்னவை சமதளத்துக்கு. இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே நிலைமை வேறு. ஏற்காடு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வருவதால், கீழே கிடைப்பது போன்ற விரைவான அனுமதியை அங்கே எதிர்பார்த்து முன்பணம் கொடுத்துவிடக் கூடாது. மனையில் மரம் இருந்தால் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். சில்வர் ஓக் தானே என்று வெட்டிவிட்டுப் பிறகு அலைபவர்கள் உண்டு.

சரிவில் கட்டுவதில் தவறுகள் பெரும்பாலும் தடுப்புச் சுவரில்தான் நிகழ்கின்றன. மேட்டை வெட்டி, வெட்டிய மண்ணையே பள்ளத்தில் கொட்டிச் சமன்செய்து, அந்தக் கொட்டிய மண்ணின் மேல் வீட்டின் பாதியை நிறுத்துவது எளிதான வழி. ஒரு பாதி பாறையிலும் மறுபாதி தளர்ந்த மண்ணிலும் நிற்பதால் நடுவில் விரிசல் ஓடும். தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஜல்லிப் படுகையும், சுவரில் நீர் வெளியேறும் துளைகளும் இல்லையென்றால், தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை பெறும் மலையில் ஊறிய மண் சுவரைத் தள்ளிவிடும். நல்ல தடுப்புச் சுவரின் துளைகளில் மழை நின்ற மறுநாளும் நீர் சொட்டிக்கொண்டிருக்கும். வறண்ட துளைகளைக் கண்டால் பின்னால் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த வேலைக்குக் கேட்க வேண்டிய தகுதி சரிவில் கட்டிய அனுபவம் ஒன்றுதான். நிறுவனத்தின் வயது இரண்டாம்பட்சம். நீலகிரியிலோ கொடைக்கானலிலோ பல கட்டடங்கள் செய்த நிறுவனம், சமதளத்தில் மட்டும் வேலை செய்த சேலத்து அலுவலகத்தைவிட மேல். அதேபோல, ஏற்காட்டிலேயே பதினைந்து ஆண்டுகளாகத் தடுப்புச் சுவர் கட்டிவரும் உள்ளூர் இன்ஜினியர், மலையே ஏறாத நூற்றாண்டு நிறுவனத்தைவிட மேல். இங்கே இன்ஜினியர், மேஸ்திரி வழியை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மண் பரிசோதனையும் கட்டமைப்புக் கணக்கும் இல்லாமல் சரிவில் ஒரு அறை கூடக் கட்டக் கூடாது. மணல், கம்பி, செங்கல் அனைத்தும் சிறு வண்டிகளில் ஏற வேண்டியிருப்பதால் பொருள் விலையில் ஏற்றுகூலி கணிசமாகச் சேரும் என்பதையும் எஸ்டிமேட்டில் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டையும் சேர்ப்பது

வடிவமைப்பைப் பழைய நிறுவனத்திடமும் மேற்பார்வையை உள்ளூர் ஆர்க்கிடெக்டிடமும் கொடுப்பது நான்காவது வழி. பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும் குடும்பங்களுக்கும் மலையில் விடுதி கட்டுபவர்களுக்கும் இது நன்றாகப் பொருந்துகிறது. இதில் உள்ள ஆபத்து, தவறு நேரும்போது இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவது. அதைத் தடுக்க ஒப்பந்தத்திலேயே சில வரிகள் இருக்க வேண்டும்: வரைபடத்துக்கும் சைட்டுக்கும் முரண் வந்தால் முடிவு செய்பவர் யார், அஸ்திவாரம், லிண்டல், கூரை ஆகிய மூன்று கட்டங்களிலும் வடிவமைத்தவர் கட்டாயம் நேரில் வர வேண்டுமா, வேலையின் நடுவே செய்த மாற்றங்களை யார் வரைபடத்தில் திருத்துவது.

கடைசி வரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கட்டி முடித்த நிலையைக் காட்டும் வரைபடம், அதாவது குழாயும் மின்கம்பியும் உண்மையில் ஓடும் பாதையைக் குறித்த தாள், அச்சுப் படியாகவும் திருத்தக்கூடிய கணினிக் கோப்பாகவும் உங்கள் கைக்கு வர வேண்டும். வடிவமைப்பின் பதிப்புரிமை பொதுவாக வடிவமைத்தவரிடமே தங்கும் என்பதால், பழுதுபார்ப்புக்கும் விரிவாக்கத்துக்கும் அந்தக் கோப்பை வேறொருவரிடம் கொடுக்க உங்களுக்கு அனுமதி உண்டு என்று தனியாக எழுதி வாங்க வேண்டும். கடைசித் தவணையை அந்தக் கோப்பு வந்த பிறகே கொடுப்பது என்று தொடக்கத்திலேயே பேசிவிட்டால் பின்னால் மனக்கசப்பு இராது.